கேளாமற் கேட்கும் இசை

இசையைக் கேட்க வந்தவர்களை நோக்கி, இசையை ஆக்கியவரே தம் இசையைக் கேட்க வேண்டாமென்று மன்றாடிய விநோதம் ஒன்று 1920ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பாரிஸ் நகரில் நிகழ்ந்தது. மன்றாடியவர் எரிக் சாத்தி என்னும் பிரெஞ்சு இசையறிஞர். அவருக்குத் துணை நின்றவர் இளையவரான தரியூஸ் மீயோ. ஓவியக்கூடம் ஒன்றில் நடந்த நாடகத்தின் இடைவேளைகளுக்கென இருவரும் ஓர் ஏற்பாடு செய்தனர். வாத்தியகாரர் ஓரிடத்திற் கூடியிராது மூலைக்கொருவராய் அமர்ந்து, சிறியதோர் இசைத்துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பர். வந்தோர் அதைப் பொருட்படுத்தாது உலாவலாம், உரையாடலாம். அறையில் நாற்காலியும் மேசையும் கிடப்பதுபோல இசையும் ஒரு பக்கத்திற் கிடக்க வேண்டும். ஆதலால் அதற்குச் சாத்தி இட்ட பெயரும் தளபாட இசை என்பதே.

நடந்தது வேறு. வாத்தியங்கள் ஒலிக்கத் தொடங்கியதும் வெளியே போக எழுந்தவர்களும் விரைந்து வந்து தத்தம் ஆசனங்களில் அமர்ந்தனர், வாய்மூடிக் கேட்டனர். பேசுங்கள், நடமாடுங்கள், கேளாதீர்கள் என்று சாத்தி கூவியும் பயனில்லாது போயிற்று. இதனை மீயோ தம் நினைவுக் குறிப்புகளிலே எழுதி வைத்திருக்கிறார்.

சாத்தி 1925இல் மறைந்தார். இந்நிகழ்ச்சி ஒரு வேடிக்கைக் கதையாகவே நெடுங்காலம் வழங்கிற்று. ஆயினும் அந்த வேடிக்கைக்குள்ளே ஒரு மெய்யான வினா இருந்தது. அறையிலுள்ள பிற ஒலிகளுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கவும், செவி தன்பால் திரும்பும்போது அதனை ஏமாற்றாதிருக்கவும் ஓர் இசையால் இயலுமா? இதற்கு விடை ஒன்று வருவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. அது வந்ததும் ஒரு நோய்ப்படுக்கையிலிருந்துதான்.

பிரயன் ஈனோ 1948இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலே பிறந்தவர். ஓவியக் கல்லூரியிற் பயின்றவர். றொக் இசைக்குழு ஒன்றிலே சேர்ந்து புகழ்பெற்று, அதனைவிட்டு விலகியும் விட்டவர். 1975ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே இலண்டன் தெருவொன்றில் வாடகைக் கார் மோதி, எழுந்து நடமாட மாட்டாதவராய் வீட்டிலே கிடந்தார். பார்க்க வந்த சிநேகிதி ஒருவர் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது பதினெட்டாம் நூற்றாண்டின் ஹார்ப் இசை. ஹார்ப் என்பது மேல்நாட்டு யாழ். அவர் சென்றபின் ஈனோ மிகுந்த பிரயாசையோடு எழுந்து அத்தட்டைச் சுழலவிட்டுப் படுத்துக்கொண்டார். படுத்த பின்னர்தான் தெரிந்தது, ஒலி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது என்பதும், இரண்டு ஒலிவழிகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்பதும். மீண்டும் எழுவதற்கு உடலிலே வலுவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. யாழின் உரத்த சுரங்கள் மட்டும் மழையினூடே அங்கொன்றும் இங்கொன்றுமாய் மிதந்து வந்தன. மற்றவை மழையில் மூழ்கிப் போயின. முதலில் எரிச்சல். பின்னர் அந்த எரிச்சல் தணிந்தது. மழையும் யாழும் வேறுவேறல்ல, அறையின் ஒளியைப் போல அதுவும் அவ்வறைக்குரிய ஒன்று என்னும் உணர்வு அவருக்கு உண்டாயிற்று.

அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்ட இசைத்தட்டுக்கு 'டிஸ்கிறீற் மியூசிக்' என்று பெயர். அடக்கமான இசை என்று கொள்ளலாம். அதன் முதற்பக்கம் முழுவதும் முப்பது நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரே இசை. அதை ஆக்கிய முறை மிக எளிது. சிந்தசைசர் கருவியிலே இயற்றிய இரண்டு சிறு மெட்டுகள் ஓர் ஒலிப்பதிவுக் கருவியிற் பதிவாகின்றன. அதே நாடா சற்றுத் தூரம் ஓடி இரண்டாவது கருவியைச் சேர்ந்து அங்கே ஒலிக்கிறது. அவ்வொலி மறுபடியும் முதற்கருவிக்கு ஊட்டப்படுகிறது. இவ்வாறு மெட்டு தன் நிழலின்மேலே தானே நடந்து, பழைய நிழல் மங்கப் புதிய நிழல் விழ, ஓய்வின்றிச் சுற்றுகிறது. ஆக்கியவர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இதனை முதன்முறை கேட்பவர் முதல் ஐந்து நிமிடமும் ஏதோ தொடங்கப்போகிறது என்று காத்திருப்பர். ஒன்றும் தொடங்குவதில்லை. பத்தாவது நிமிடமளவில் அந்தக் காத்திருப்பே களைத்து விழுந்துவிடுகிறது. அதன் பிறகுதான் செவி உண்மையாகத் திறக்கிறது எனலாம். ஒரே சுரம் முன்வந்த சுரத்தோடு சேரும்போது ஒரு நிறமும், தனித்து வரும்போது வேறொரு நிறமும் காட்டுவது அப்பொழுது புலனாகும். தம்புராவின் நாதத்திலே ஊறிய செவிக்கு இவ்வனுபவம் முற்றிலும் புதிதன்று. இது வெறும் ஒப்புமையுமன்று. நீண்ட தனிச்சுரத்தையே இசையாகக் கொள்வதில் ஈனோவுக்கு முன்னோடியாயிருந்த அமெரிக்கர் லா மொண்டே யங் என்பவர், இந்திய இசையால் ஈர்க்கப்பட்டு, 1970 முதல் ஹிந்துஸ்தானி இசைவாணரான பண்டித பிரான் நாத்தின் மாணாக்கராகி, அவருக்குத் தம்புரா மீட்டியவர். வேற்றுமை ஒன்றுண்டு. அங்கே தம்புரா பாடகருக்காக ஒலிக்கிறது. இங்கே பாடகர் எழுந்து போய்விட்டார். தம்புரா மட்டும் எஞ்சியிருக்கிறது.

ஈனோவின் அடுத்த பெரு முயற்சி 1978இல் முற்றுப்பெற்ற விமான நிலைய இசை. ஜேர்மனியின் கொலோன் விமான நிலையத்திலே காத்திருந்த ஒரு காலைப்பொழுதில் இவ்வெண்ணம் அவருக்கு உதித்தது. கட்டடம் அழகு; ஒளி அழகு; ஒலிபெருக்கியில் வந்த இசை மட்டும் இழிவு. விமான நிலையத்து இசை எத்தகையதாயிருக்க வேண்டும் என்று அவர் ஒரு தச்சரைப் போலக் கணக்கிட்டார். அறிவித்தல்களுக்காக இடையிலே நிறுத்தினாலும் அது பழுதுபடலாகாது. மனிதர் பேசும் ஒலியின் உயரத்திலும் வேகத்திலும் அது குறுக்கிடலாகாது. இவையெல்லாம் புறத்தேவைகள். அகத்தேவை ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. விமானத்தில் ஏறுகிறவர் நெஞ்சின் ஒரு மூலையிலே மரண பயம் இருக்கிறது. இன்னிசை என்ற பெயரில் அங்கே வழங்கப்படும் ஒலியோ மரணம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுபோலச் சிரித்து நடிக்கிறது. அப்படி நடியாத இசை வேண்டும். இறப்பினும் அது பெரிய காரியமன்று என்று ஒருவர் தமக்குள்ளே அமைதி கொள்ளத் துணைசெய்யும் இசை வேண்டும் என்பது அவர் கருத்து.

அந்த இசைத்தட்டிலே உள்ள நான்கு பகுதிகளுள் மிகச் சிறந்தது இரண்டாவது என்றே சொல்லவேண்டும். அதில் வாத்தியமே இல்லை, குரல்கள் மாத்திரம். ஒவ்வொரு சுரமும் தனித்தனி நாடாவளையத்திலே பதிக்கப்பட்டுத் தனித்தனியே சுழல்கிறது. ஒரு வளையம் 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்பும். இன்னொன்று 25⅞ விநாடிக்கு. மற்றொன்று ஏறத்தாழ 30 விநாடிக்கு. இக்காலவளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஆகவே குரல்கள் ஒருமுறை கூடிய விதமாக மறுமுறை கூடுவதில்லை. சிலவேளை மூன்று நான்கு குரல்கள் ஒருங்கே எழுந்து கோயிற் பாடகர் கூட்டம்போல நிற்கும். சிலவேளை ஒன்று மட்டும் வந்து போகும். சிலவேளை ஒன்றுமே வராது. அந்த வெறுமையும் இசையின் பகுதியாகிவிடுகிறது. கேட்பவர் வீட்டிலே அப்பொழுது ஒரு காகம் கரைந்தால், ஒரு கதவு சாத்தப்பட்டால், அதுவும் அவ்விசைக்குள்ளே புகுந்து இடம்பிடித்துக்கொள்ளும். 1980இல் நியூயோர்க்கின் லாகாடியா விமான நிலைய மண்டபம் ஒன்றிலே இவ்விசை மெய்யாகவே ஒலிபரப்பப்பட்டது.

இவ்விசையைக் கவனியாது விடவும் இயலவேண்டும், கவனித்தால் அது சுவையுடையதாகவும் இருக்கவேண்டும் என்று ஈனோ தட்டின் உறையிலே குறித்துள்ளார். இதற்கு அவர் தேர்ந்த பெயர் 'அம்பியன்ற்'. சூழலிசை என்று தமிழிற் சொன்னாற் பொருந்தும். 1982இல் ஜப்பானிய இசைஞர் ஹிரோஷி யோஷிமுரா, தோக்கியோவின் ஹாரா நவீன கலைக்கூடத்தை மனத்திற்கொண்டு ஒன்பது தபாலட்டைகளுக்கான இசை என்று இயற்றினார். அது இன்னும் சிக்கனமானது. சன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தையும் முகிலையும் இரண்டு மூன்று சுரங்களாற் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

நிற்க. முரசும் மின்கிற்றாரும் முழங்கும் றொக் இசைக்கும் இத்தகைய அடக்கத்துக்கும் உறவு எவ்வாறு வந்தது? 1994இல் சைமன் ரெனோல்ட்ஸ் என்னும் ஆங்கில விமர்சகர், றொக் இசையின் கருவிகளைக்கொண்டே றொக் அல்லாத நோக்கங்களை நாடும் குழுக்களைக் குறிக்கப் 'போஸ்ட் றொக்' என்னும் பெயரை வழங்கினார். றொக்கிற்குப் பிந்திய இசை என்பது அதன் பொருள். பெயர் வந்தது அவ்வாண்டில். பொருள் வந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர்.

'டோக் டோக்' என்பது இலண்டன் குழு ஒன்றின் பெயர். 1980களின் முற்பகுதியிலே நடனத்துக்கேற்ற பாடல்களாற் பணமும் பெயரும் ஈட்டிய குழு அது. அதன் தலைவர் மார்க் ஹொலிஸ். 1986இல் வந்த இசைத்தட்டு நன்கு விற்பனையாயிற்று. அடுத்த தட்டுக்கு நிறுவனம் தாராளமாகப் பொருள் ஒதுக்கிற்று. ஹொலிஸும் அவருடைய துணைவர் ரிம் ஃபிரீஸ்-கிறீனும் ஒலிப்பதிவாளர் பில் பிரவுணும் முன்னாளில் தேவாலயக் கட்டடமாயிருந்த ஒலிப்பதிவுக் கூடத்திற் புகுந்தனர். விளக்குகள் அணைக்கப்பட்டன, சுவரிலே வண்ண எண்ணெய் ஒளி மட்டும் மெல்ல அசைந்தது. மாதக்கணக்காக அந்த இருளுக்குள்ளே வேலை நடந்தது. வரவழைக்கப்பட்ட வாத்தியகாரர் பலருக்கு என்ன வாசிப்பதென்று ஒருவரும் சொல்லவில்லை. மனத்திற்பட்டதை அவர்கள் மணிக்கணக்கில் வாசித்தனர். அவற்றிலிருந்து ஐந்து விநாடி, பத்து விநாடி என்று பொறுக்கி எடுத்து, எஞ்சியதைக் கழித்துவிட்டனர். வீட்டை முழுதாகக் கட்டி, பின் ஒரு சன்னலை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதை இடித்ததற்கு இதை ஒப்பிடலாம்.

1988இல் வெளிவந்த அத்தட்டின் பெயர் 'ஸ்பிரிட் ஒவ் ஈடன்'. ஆறு பாடல்கள்; நாற்பது நிமிடத்துக்குச் சற்றே மேல். முதல் மூன்றும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று தொடர்வன. தொடக்கத்திலே தூரத்து எக்காளம் ஒன்று மூடிய கதவுக்கப்பால் ஒலிப்பதுபோல் வருகிறது. பின்னர் நெடுநேரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கேட்பவர் கருவி பழுதாயிற்றோ என்று ஒலியைக் கூட்டிவைப்பார். சற்றுப்பின் வாயிசைக் கருவியான ஹார்மோனிக்காவின் அலறல் அவரைத் தூக்கிவாரிப்போடும். அமைதியை இவ்வளவு துணிவோடு முதலீடு செய்த றொக் இசைத்தட்டு அதற்குமுன் இல்லை. ஐந்தாவது பாடல் ஹெரொயின் என்னும் போதைப்பொருளால் அழிவோரைப் பற்றியது. கோபமும் அறிவுரையும் எதிர்பார்க்கத்தக்க இடத்திலே செல்ம்ஸ்ஃபோட் பேராலயச் சிறுவர் குரல்கள் மெல்ல எழுகின்றன. ஹொலிஸின் தமையனார் போதைப் பழக்கத்தால் நலிந்து மறுவருடம் மாண்டார் என்பதை அறிந்தபின் அக்குரல்களைக் கேட்பது எளிதன்று.

தட்டு விற்பனையாகவில்லை. 1991இல் இன்னுமொன்று, குழு கலைந்தது. 1998இல் ஹொலிஸ் தம் பெயரிலே தனித்தட்டு ஒன்றை வெளியிட்டார். அதன் முதற்பாடலுக்கு முன்னே சில விநாடி வெறும் மௌனம் பதிவாகியிருக்கிறது. அதன்பின் அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொதுவாழ்வினின்றும் ஒதுங்கியிருந்து 2019இல் காலமானார். ஒரு சுரத்தைச் செவ்வனே வாசிக்கத் தெரியாதவர் இரண்டாவது சுரத்துக்குப் போகலாகாது என்பது அவர் கொள்கை. தம் வாழ்வையும் அவர் அக்கொள்கைப்படியே நடத்தினார் போலும்.

அவர் வழி அமைதியின் வழியென்றால், கனடாவின் மொன்றியல் நகரத்துக் 'கொட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர்' குழுவின் வழி பெருக்கின் வழி. பெயர் ஜப்பானிய ஆவணப்படம் ஒன்றினின்றும் பெற்றது. வயலின், செலோ, இரண்டு மூன்று கிற்றார், இரண்டு முரசு என்று பெருங்கூட்டம். பாடகர் மட்டும் இல்லை. 1997இல் அவர்கள் வெளியிட்ட முதல் நீளிசைத்தட்டு 500 பிரதிகளே. ஒவ்வோர் உறையினுள்ளும் புகைவண்டிச் சில்லுக்கு அடியிலே வைத்து நசுக்கிய கனடிய ஒருசதக் காசொன்று வைக்கப்பட்டிருந்தது. அழிந்துகொண்டிருக்கும் நகரமொன்றை வருணிக்கும் ஆண்குரல் தொடக்கத்திலே பேசுகிறது. இரண்டாம் பக்கத்தின் கடைசிச் சுற்று வெளியேறும் வழியின்றி வளையமாக வெட்டப்பட்டிருப்பதால், எவராவது எழுந்து ஊசியைத் தூக்கும்வரை அது ஒலித்துக்கொண்டேயிருக்கும். பெயரின் இறுதியிலே முடிவிலிக் குறி நிற்பது அதனாலேதான். 2000ஆம் ஆண்டில் வந்த இரட்டைத்தட்டிலே முதியவர் ஒருவர், நியூயோர்க்கின் கோனித் தீவுக் கடற்கரையிலே மக்கள் முன்னாளில் இரவெல்லாம் படுத்துறங்கிய காலத்தைச் சொல்லி ஏங்குகிறார். அக்குரல் ஓய்ந்தபின் கிற்றார் ஒன்று அழுகைபோல இழைகிறது. இருபது நிமிடத்துக்குமேல் அது ஏறி ஏறிப் பெருவெள்ளமாகிறது. சொல்லால் ஆறாத துக்கத்தை வாத்தியங்களிடம் ஒப்படைத்ததுபோன்ற வேகம் அதில் இருக்கிறது.

ஆயினும் இம்முறையே பின்னர் ஒரு வாய்பாடாயிற்று. மெல்லத் தொடங்குவது, படிப்படியாக ஏறுவது, உச்சியிலே முழங்குவது. பின்வந்த குழுக்கள் பல இவ்வேணியை மட்டும் எடுத்துக்கொண்டன. ஏறிச் சென்று பார்ப்பதற்கு மேலே ஏதேனும் உண்டா என்று கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்கும்போது உச்சி எந்த நிமிடத்தில் வரும் என்று முன்னரே தெரிந்துவிடுமானால், அவ்விசையில் எஞ்சுவது உரப்பு ஒன்றே. ஐஸ்லாந்தின் 'சிகுர் ரோஸ்' குழு இக்குறைக்கு உட்படாமற் பெரும்பாலும் தப்பிற்று. 2002இல் வந்த அவர்களது தட்டுக்குப் பெயர் இல்லை, இரண்டு அடைப்புக்குறிகள் மட்டுமே. எட்டுப் பாடல்களுக்கும் பெயர் இல்லை. உள்ளே வைத்த ஏடும் வெறுந்தாள். யொன் பிர்கிஸன் கிற்றாரைச் செலோ வில்லாலே இழைத்தபடி, எந்த மொழியுமல்லாத அசைகளைப் பாடுகிறார். ஒளிமிக்க முதல் நான்குக்கும் இருண்ட பின் நான்குக்கும் நடுவே 36 விநாடி மௌனம். பொருளற்ற அசைகளுக்குப் பொருளைக் கேட்பவரே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இன்றோ இணையவழி இசைச் சேவைகளில் இவையெல்லாம் உறக்கத்துக்குத் துணை, படிப்புக்குத் துணை, மனஅமைதிக்கு மருந்து என்று பகுத்து வைக்கப்பட்டுள்ளன. இரவு முழுதும் அவை ஓடும். உறங்குபவர் காதிலே யார் வாசித்தார் என்ற பெயர்கூட விழாது. இதனால் ஒருவர் நன்றாக உறங்குவாராயின் அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஈனோ விதித்தவை இரண்டு. கவனியாது விடலாம் என்பதை உலகம் பற்றிக்கொண்டது. கவனித்தாற் சுவைக்க வேண்டும் என்பதைக் கைவிட்டது. அந்த இரண்டாவது விதி எத்துணைப் பாரமானது என்பதற்கு ஒரே ஓர் இசை சான்றாக நிற்கும்.

வில்லியம் பசின்ஸ்கி நியூயோர்க்கின் புறூக்லின் பகுதியில் வாழ்ந்த இசைஞர். இளமையிலே, 1980களின் தொடக்கத்தில், வானொலியிலிருந்து பிடித்த இசைத்துணுக்குகளை மெதுவாக்கிச் சில விநாடி நீளமான நாடாவளையங்களாக ஒட்டி வைத்திருந்தார். 2001ஆம் ஆண்டுக் கோடையிலே அவற்றை இலக்கமுறைப் பதிவாக மாற்றிப் பாதுகாக்கலாம் என்று எடுத்தார். ஒலிநாடா என்பது பிளாஸ்ரிக் பட்டியின்மேல் இரும்பு ஒட்சைட்டுத் துகளைப் பசையாற் பூசியது. ஒலி இருப்பது அத்துகளிலே. இருபது ஆண்டிற் பசை உலர்ந்து போயிருந்தது. நாடா ஒவ்வொரு முறை கருவியின் தலையைக் கடக்கும்போதும் துகள் உதிரத் தொடங்கிற்று. உதிர்ந்த இடத்தில் ஒலி இல்லை. காப்பாற்றுவதற்காகச் சுழலவிட்டதே அதனை அழித்துக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை; பதிவு ஓடவிட்டார்.

அவற்றுள் முதலாவது வளையம் 63 நிமிடம் ஓடுகிறது. குழலிசை போன்றதொரு கம்பீரமான மெட்டு, தூரத்து ஊர்வலம்போல வருகிறது. பத்து நிமிடத்திலே யாதொரு மாறுதலும் தெரியாது. பின்னர் ஒரு சுரத்தின் விளிம்பு தேய்ந்திருப்பது தெரியும். பின்னர் நடுவிலே ஓர் ஓட்டை. செவி அந்த ஓட்டையைத் தன் நினைவால் நிரப்பிக்கொள்கிறது. ஓட்டைகள் பெருகப் பெருக, ஒலிக்கின்ற இசை குறைந்து நினைவிலிருக்கும் இசை கூடுகிறது. அரைக்கவனத்தோடு கேட்பவருக்கு இது நடப்பதே இல்லை. முன்பு இருந்ததை அறிந்தவருக்கே இழந்தது தெரியும். இறுதி நிமிடங்களில் நின்று நின்று வரும் சில முனகல்கள்தாம் எஞ்சுகின்றன.

அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் அவர் தம் வீட்டு மேன்மாடத்தில் நண்பர்களோடு நின்று, ஆற்றுக்கு அப்பால் இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்தினின்றும் எழுந்த புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதிர்ந்த நாடாக்களின் இசை அங்கே ஒலித்தது. பகலின் கடைசி ஒருமணி நேரத்தை அவர் படம்பிடித்தார். அப்படத்தின் காட்சிகளே 2002இலும் 2003இலும் வெளிவந்த தட்டுகளின் உறையாயின. இறந்தோருக்கே அவை உரித்தாக்கப்பட்டன.

பத்தாண்டு கழித்து, 2011இல் அதே நாளில், நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அரும்பொருட் காட்சியகத்திலே, எகிப்திலிருந்து கல் கல்லாகக் கொண்டுவந்து நாட்டப்பட்ட டென்டூர் கோயிலின் முன்னே, ஒரு வாத்தியக் குழுவினர் அந்த முதல் வளையத்தைத் தம் கைகளாலே வாசித்தனர். அவர்களுடைய குழலும் வில்லும் உதிர்வன அல்ல. ஆதலால் துகள் விழுந்த இடங்களையெல்லாம் எண்ணி அறிந்து, அங்கங்கே மூச்சை நிறுத்தியும் வில்லைத் தூக்கியும், வாசிப்பை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனார்கள்.